பனியிடுக்கா, பாறை முகடா, பனியாற்று வழியா: உச்சிக்குப் பாதை தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓரிரண்டு பனிமலைகளை எளிய வழியில் ஏறி முடித்தவர்கள் அடுத்த மலையின் படத்தைப் பார்க்கும்போது, கண் தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கரிய பாறைச் சுவரை நடுவில் பிளந்துகொண்டு, அடிவாரப் பனியாற்றிலிருந்து உச்சியை ஒட்டிய கணவாய் வரை ஒரே வெள்ளைக் கோடாக ஏறும் பனியிடுக்குதான் அது. மலையேறுபவர்கள் பிரெஞ்சு வழக்கில் அதைக் கூலுவார் என்பார்கள். வளைந்து நெளியாமல் நேராக மேலே போகிறது, பாறையில் கை வைக்க வேண்டியதில்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை என்று தோன்றும். பனியில் நடக்கவும் கிராம்பான் (காலணியின் அடியில் கட்டும் உலோகப் பற்கள்) மாட்டவும் பனிக்கோடரி பிடிக்கவும் தெரியும், பாறையில் அவ்வளவு பழக்கமில்லை, ஆகவே இடுக்கு வழியாகவே போய்விடலாமா, அல்லது முகட்டு வழியையோ வழக்கமான பனியாற்று வழியையோ எடுப்பதா என்று தயங்கும் வாசகர்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகடும் பனியாறும் பெரும்பாலும் இடத்தைப் பொறுத்த வழிகள். பனியிடுக்கு நேரத்தைப் பொறுத்த வழி. அதிகாலை நான்கு மணிக்கு மூன்று வழிகளிலும் மிக விரைவானதாக, பாதுகாப்பானதாகக்கூட இருக்கும் இடுக்கு, காலை பத்து மணிக்கு மூன்றிலும் மிகக் கொடியதாக மாறிவிடலாம். ஆகவே "இந்த இடுக்கு என்னால் ஏறக்கூடியதா?" என்பதோடு "எத்தனை மணிக்குள் நான் அதைவிட்டு வெளியே வந்திருப்பேன், எந்த வழியாக?" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

## எந்த அளவுகோல்களைக் கொண்டு எடைபோடுவது?

முதல் அளவுகோல் ஆபத்தின் தன்மை. கால் தவறுவது, கயிற்றைத் தவறாகக் கட்டுவது, களைத்துப்போவது ஆகியவை ஏறுபவரின் கையில் உள்ளவை. பயிற்சியால் அவற்றைக் குறைக்க முடியும். மேலிருந்து உருளும் கல், உடையும் பனிக்கட்டிக் கோபுரம், சரியும் பனி ஆகியவை மலையின் கையில் உள்ளவை. எவ்வளவு தேர்ந்தவரானாலும் அவற்றைத் திறமையால் வெல்ல முடியாது. அவை வரும் நேரத்தில் அங்கே இல்லாமல் இருப்பது ஒன்றுதான் வழி. மலைப்பாதைகளுக்குக் கொடுக்கப்படும் கடினத் தரவரிசை பெரும்பாலும் முதல் வகையையே அளக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "நடுத்தரக் கடினம்" என்று குறிக்கப்பட்ட இடுக்கில் இரண்டாம் வகை ஆபத்து மிகுதியாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, அந்த வழி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பது. மூன்றாவது, பாதியில் நின்று யோசிக்கவும் திரும்பவும் அது இடம் கொடுக்கிறதா என்பது. நான்காவது இறங்கும் வழி. இதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள்; இடுக்கைப் பொறுத்தவரை இதையே முதலில் நினைக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகுதான் கருவி, பருவம், குழுவில் எத்தனை பேர், அவர்களில் மிகவும் மெதுவாக ஏறுபவர் யார் என்ற கேள்விகள் வருகின்றன. குழுவின் வேகம் என்பது எப்போதும் அந்தக் கடைசி ஆளின் வேகம்தான்.

## பனியிடுக்கு

இரண்டு பாறை விலாக்களுக்கு நடுவே பள்ளமாக இருப்பதால், காற்று அடித்துக்கொண்டு வரும் பனி அங்கே சேர்கிறது. பக்கச் சுவர்களின் நிழலால் வெளியே பனி கரைந்த பிறகும் இடுக்கில் அது நீடிக்கிறது. இதே அமைப்புதான் அதன் குறையும்கூட. மலையின் மேற்பகுதியிலிருந்து பெயரும் கல், பனி, நீர் எல்லாம் கீழே போவதற்கு அமைந்த கால்வாயும் அதுவே. நாம் ஏறுவது அந்தக் கால்வாயின் நடுவில்.

பெரும்பாலான இடுக்குகளின் சரிவு 40 முதல் 55 பாகை (டிகிரி) வரை இருக்கும். படத்தில் பார்க்கும்போது 45 பாகை பெரிதாகத் தெரியாது. இறுகிய பனியில் அந்தச் சரிவில் வழுக்கினால் உராய்வு மிகக் குறைவு என்பதால், ஆள் ஏறக்குறைய தடையின்றி விழுவதைப்போலவே வேகமெடுப்பார். மூன்று விநாடிக்குள் மணிக்கு அறுபது கிலோமீட்டரை எட்டிவிட முடியும். கோடரியை மார்போடு அணைத்து அலகைப் பனியில் அழுத்தி நிறுத்தும் பயிற்சி எல்லாருக்கும் தேவைதான்; ஆனால் இந்தச் சரிவில் அது பலிப்பது முதல் ஓரிரு விநாடிக்குள் மட்டுமே. ஆகவே இடுக்கில் நம்ப வேண்டியது விழாமல் இருக்கும் கால்களை; விழுந்தபின் நிறுத்தும் கைகளை நம்பிப் போகக் கூடாது.

### இரவின் உறைவு

இடுக்கின் பாதுகாப்பு முந்தைய இரவில் தீர்மானமாகிறது. வானம் தெளிந்திருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை விண்ணுக்கு வெளியிட்டு, காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட உறைந்து இறுகிவிடும். மேகம் போர்த்திய இரவில் அந்த வெப்பம் வெளியேறாது. வெப்பமானி நல்ல எண்ணைக் காட்டினாலும் பனி கஞ்சிபோலத் தளர்ந்தே கிடக்கும். உறைந்த இரவில் கற்களும் அவற்றைப் பிடித்திருக்கும் பனிக்கட்டியும் இருந்த இடத்தில் இருக்கும். உறையாத இரவில் எதுவும் எந்நேரமும் பெயரலாம். வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மேகமூட்டத்தைப் பார்க்காமல் விடுவது, நல்ல அனுபவமுள்ளவர்கள்கூடச் செய்யும் தவறு.

இதை நேரில் அறிந்துகொள்ள அதிகம் தேவையில்லை. அதிகாலை மூன்று மணி, தலைவிளக்கின் வட்டமான ஒளி, இடுக்கின் வாய். காலணியின் முனையால் ஒரு முறை ஓங்கி உதையுங்கள். முனை மட்டும் இரண்டு விரல்கடை உள்ளே போய், கிராம்பானின் முன்பற்கள் கறுக்கென்ற ஒலியோடு பிடித்தால் அது நல்ல இரவு. கோடரியின் தண்டை அழுத்தும்போது முதலில் கடினமான மேலோடும், அதற்குக் கீழே மெல்ல மெல்ல இடம் கொடுக்கும் பனியும் கையில் தெரியும். மாறாக, மேலோடு உடைந்து கால் கணுக்கால்வரை புதைந்தால் அன்றைக்கு அந்த இடுக்கு உங்களுக்கு உரியது அன்று. அங்கேயே திரும்பினால் போவது சில மணி நேரத் தூக்கம் மட்டும்தான்.

### திசையும் சூரியனும்

எத்திசை நோக்கிய இடுக்கு என்பதைப் பொறுத்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கிழக்கு நோக்கியதில் விடியும்போதே வெயில் மேல் பாறைகளைத் தொடும். மேற்கு நோக்கியதில் நண்பகல்வரை அவகாசம் கிடைக்கலாம். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியது பெரும்பாலும் நிழலில் இருக்கும், ஆனால் அங்கே பனிக்குப் பதில் கடினமான பனிக்கட்டி கிடைக்கவும் கூடும். கீழே நிற்கும் உங்கள் மேல் வெயில் படவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணக் கூடாது. உங்களுக்கு முந்நூறு மீட்டர் மேலே, இடுக்கின் தலையில் வெயில் பட்டுவிட்டால் போதும். முதலில் ஒரு சிறு கூழாங்கல் விர்ரென்று காதருகே போகும். பார்க்க முடியாது, ஒலி மட்டும்தான். நடுவில் வாய்க்கால்போல அரிக்கப்பட்ட தடம் ஒன்று பெரும்பாலான இடுக்குகளில் உண்டு. விழுபவை அதிகம் பயணிக்கும் அந்தத் தடத்தைவிட்டு ஒதுங்கி, பக்கச் சுவரை ஒட்டி ஏறுவதும், ஓய்வெடுக்கப் பாறைத் துருத்தலின் கீழே ஒண்டுவதும் முதலிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

### பனிச்சரிவு

தகடாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் நிகழ்கின்றன. மிகச் செங்குத்தான இடுக்குகள் புதுப்பனியை உடனுக்குடன் உதிர்த்துவிடுவதால் ஓரளவு தப்புகின்றன என்றாலும், அவற்றின் அடியில் விசிறிபோல விரியும் சரிவும் நடுவில் தணிந்த பகுதிகளும் சரியாக அந்த அளவுக்குள்தான் இருக்கும். திறந்த சரிவில் ஆளைச் சற்றுத் தள்ளிவிட்டுப் போகக்கூடிய சிறிய பனிச்சரிவுகூட இடுக்கில் கொல்லும். ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் பாறை, கீழே பிளவு. பனியில் புதைந்தவரைச் சுமார் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் இடுக்கில் அடித்துச் செல்லப்பட்டவர் புதைவதற்கு முன்பே பாறையில் மோதியிருப்பார். புதுப்பனியோ பலத்த காற்றோ ஓய்ந்தபின் குறைந்தது ஓரிரு நாள் பொறுத்திருப்பது இந்த வழியின் மறைமுக விலைகளில் ஒன்று. விடுப்பு எண்ணி வருபவர்களுக்கு அது பெரிய விலை.

### கயிறு என்ற கணக்கு

இடுக்கில் மிகவும் யோசிக்க வேண்டிய கேள்வி கயிறு. 600 மீட்டர் உயரமுள்ள இடுக்கு 45 பாகையில் ஏறினால் நீளம் ஏறக்குறைய 850 மீட்டர். கயிறில்லாமல் மணிக்கு 150 முதல் 200 மீட்டர் உயரம் ஏறுபவர் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிப்பார். அதையே 60 மீட்டர் கயிற்றில் ஒருவர் நிற்க ஒருவர் ஏறும் முறையில் செய்தால் பதினைந்து கயிற்று நீளம். ஒன்றுக்கு அரை மணி என்றாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல். இரண்டு மணிக்குத் தொடங்கியவர் ஒன்பது, பத்து மணிக்கும் இடுக்கிலேயே இருப்பார், அதாவது கற்கள் விழும் நேரத்தில். விழுவதிலிருந்து காக்கும் கயிறே மலையின் ஆபத்துக்குள் நம்மை நீண்ட நேரம் நிறுத்திவைக்கிறது.

இதற்கு நடுவழியாகப் பலர் கயிற்றில் பிணைந்து, ஆனால் எங்கும் பிடிமானம் வைக்காமல் சேர்ந்தே ஏறுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அந்தச் சரிவில் ஒருவர் வழுக்கினால் மற்றவரால் நிறுத்த முடியாது, இருவரும் போவார்கள். பனியில் அறையும் அலுமினியக் கம்பிகள், பக்கப் பாறையில் செருகும் ஆப்புகள், பனிக்கட்டித் திருகுகள் ஆகியவற்றில் எப்போதும் ஒன்றிரண்டு நமக்கிடையே கயிற்றில் இருக்கும்படி சேர்ந்து ஏறுவது ஒரு முறை. இருவரும் அந்தச் சரிவில் உறுதியாக இருந்தால் கயிற்றைப் பையில் வைத்துவிட்டுத் தனித்தனியே ஏறுவது இன்னொரு முறை. இந்த இரண்டுக்கும் தயாராக இல்லாத குழு அந்த இடுக்குக்கு இன்னும் தயாராகவில்லை.

### வாயும் தலையும்

இடுக்கின் அடியில், நகரும் பனியாறு மலையோடு ஒட்டியிருக்கும் பனியிலிருந்து பிரியும் இடத்தில் பெரும் பிளவு ஒன்று இருக்கும். மலையேறுபவர்கள் அதை பெர்க்ஷ்ருண்ட் என்பார்கள். பருவத்தின் தொடக்கத்தில் பனி அதன்மேல் பாலமிட்டிருக்கும். பிற்பகுதியில் அது வாய் திறந்து, மேல் உதடு தலைக்கு மேலே தொங்கும். உச்சியில் காற்று கட்டிய பனித் தாழ்வாரம் தொங்கலாம். அதன் அளவு கீழிருந்து சரியாகத் தெரியாது. முந்தைய நாளே மறுபக்கத்திலிருந்தோ எதிர்மலையிலிருந்தோ தொலைநோக்கியில் பார்த்து, எந்த ஓரத்தில் வெளியேறலாம் என்று முடிவு செய்துகொள்ளாமல் ஏறுபவர், எல்லாம் ஏறி முடித்தபின் வாசல் பூட்டியிருப்பதைக் காண நேரிடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடுக்குக்கு மேலே தொங்கும் பனிக்கட்டிச் சுவர் இருந்தால் மேலே சொன்ன நேரக் கணக்கு எதுவும் பலிக்காது. உலகின் இரண்டாவது உயர்ந்த மலையான கே2-இல் சுமார் 8,200 மீட்டர் உயரத்தில் உள்ள பாட்டில்நெக் என்னும் இடுக்கு அத்தகையது. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த மலையில் 11 பேர் இறந்த பேரிடரில், மேலிருந்த பனிச்சுவர் உடைந்து இறங்கும் வழியின் கயிறுகளை அறுத்ததும் ஒரு முக்கியக் காரணம். பனிச்சுவர் சூரியனைப் பார்த்து விழுவதில்லை. அது நகரும் பனியாற்றின் விளிம்பு, நள்ளிரவிலும் உடையும். அவ்வாறான இடுக்குக்கு மாற்று வழி இருந்தால் மாற்றையே எடுக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

### பனியிடுக்கு சிறந்ததாகும் சூழல்

வசந்த காலத்திலோ கோடையின் தொடக்கத்திலோ, பனி நிறைந்து இறுகியிருக்கும்போது, தெளிந்த இரவுக்குப் பின், மேலே பனிச்சுவர் தொங்காத இடுக்கில், ஒத்த வேகமுள்ள இரண்டு அல்லது மூன்று பேர், வேறு வழியாக இறங்கும் ஏற்பாட்டோடு ஏறுவதென்றால் அதைவிட அழகான, நேர்த்தியான வழி வேறில்லை. இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தால் யோசிக்கலாம். இரண்டு குறைந்தால் போகக் கூடாது.

## பாறை முகடு

முகட்டின் பெரும் நன்மை, நமக்கு மேலே விழுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை என்பது. கற்கள் இரண்டு பக்கமும் விழுந்துபோகும். நம்மீது வருவது பெரும்பாலும் முன்னே செல்பவர் தட்டிவிட்ட கல்தான். நிற்கலாம், உட்காரலாம், பாறைத் துருத்தலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் குடிக்கலாம். காலை எட்டு மணி பத்து மணியானாலும் முகடு இடுக்கைப்போல முற்றிலும் வேறொன்றாக மாறிவிடாது. ஆபத்தின் பெரும்பகுதி ஏறுபவரின் கையில் இருப்பதால், பயிற்சிக்குப் பலன் தெரியும் வழி இது.

ஆனால் முகடு நீளமானது. படத்தில் ஒரே ஏற்றமாகத் தெரிவது அருகில் போனால் கோபுரம் கோபுரமாகப் பிரியும். ஒவ்வொன்றையும் ஏறி இறங்கியோ சுற்றியோ போகவேண்டும். பனியில் மணிக்கு இருநூறு மீட்டர் ஏறியவர் முகட்டில் நூறுகூட ஏறாமல் போகலாம். திரும்புவதும் நினைப்பதுபோல எளிதில்லை. கயிற்றில் நேராகக் கீழே இறங்கினால் முகட்டைவிட்டுச் சுவருக்குள் போய்விடுவோம் என்பதால், ஏறிய அத்தனை கோபுரங்களையும் மறுபடியும் கடக்க வேண்டியிருக்கும். காற்றுக்கு மறைவில்லை. பிற்பகல் இடிமின்னலுக்கு முகட்டைப்போல மோசமான இடம் வேறில்லை. முந்தைய நாள் மெல்லிய பனியோ மழையோ விழுந்து உறைந்திருந்தால், எளிய பாறைகூடக் கண்ணாடிபோல வழுக்கும். அன்றைய தினம் இடுக்கும் சரியில்லை, முகடும் சரியில்லை.

முகட்டில் பனிப்பகுதிகள் இருந்தால் தாழ்வாரத்தின் ஆபத்தும் வந்து சேரும். தாழ்வாரம் உடையும் கோடு, அது தொங்கும் விளிம்பில் இருக்காது. நாம் உறுதியான தரை என்று எண்ணும் பக்கத்தில் பல மீட்டர் உள்ளே இருக்கும். சுவடுகள் போகின்றனவே என்று அவற்றின்மேல் நடக்காமல், சரிவின் பக்கமாகத் தாழ்ந்து நடப்பதே முறை.

கோடைகள் வெப்பமாகி வருவது முகட்டையும் விட்டுவைக்கவில்லை. பாறைப் பிளவுகளை ஒட்டவைத்திருந்த நிரந்தர உறைவு இளகும்போது பாறையே பெயர்கிறது. 2003-ஆம் ஆண்டின் வெப்ப அலையில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் உள்ள ஹோர்ன்லி முகட்டில் அவ்வாறு பாறை சரிந்து, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டர்களில் மீட்க நேர்ந்தது.

பாறையில் கை பழகியவர்களுக்கும், பருவத்தின் பிற்பகுதியில் இடுக்குகள் கல்லாகிப் போனபின் வருபவர்களுக்கும், இரவு உறையுமா என்பதில் உறுதியில்லாத நாள்களுக்கும் முகடே மேலானது.

## பனியாற்று வழி

பெரும்பாலான மலைகளில் "வழக்கமான வழி" எனப்படுவது இதுதான். சரிவு குறைவு, கால் தவறினாலும் பெரும்பாலான இடங்களில் நிறுத்திக்கொள்ள முடியும், திரும்பும் வழி வந்த சுவட்டிலேயே இருக்கிறது. இடுக்கு வழியாக ஏறுபவர்களும் இறங்குவதற்கு நம்பியிருப்பது பெரும்பாலும் இதையே.

இதன் மறைமுக விலை தூரமும் பிளவுகளும். பனி மூடிய பிளவு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கயிற்றில் பிணைந்தே நடக்கவேண்டும், மூன்று அல்லது நான்கு பேர் இருந்தால்தான் விழுந்தவரைத் தூக்குவது நடைமுறையில் சாத்தியம். இரண்டே பேர் போவதென்றால் பிளவு மீட்பு முறையை மனப்பாடமாகச் செய்யத் தெரிந்திருக்கவேண்டும். இந்த ஒரு கணக்கில் மட்டும், இருவர் குழுவுக்கு இடுக்கைவிடப் பனியாறு ஆபத்தாக இருக்கும் நாள்களும் உண்டு. மேகம் இறங்கிவிட்டால் வெண்மைக்குள் திசை தெரியாது. இடுக்கில் வழி தவற முடியாது, பனியாற்றில் நூறு மீட்டரிலேயே தவறலாம்.

"வழக்கமான வழி" என்ற பெயரைக் கண்டு அசந்துவிடவும் கூடாது. ஆல்ப்ஸின் மான்ட் பிளாங்க் மலையில் கூட்டே வழி மிகுதியானோர் நடக்கும் வழி. ஆனால் அதில் ஒரு பெரிய இடுக்கைக் குறுக்காகக் கடக்க வேண்டும். கடக்கும் தூரம் ஏறக்குறைய நூறு மீட்டர்தான். பல ஆண்டுகளாக அந்த நூறு மீட்டரில் கல்வீழ்ச்சியால் உயிர்கள் போயிருக்கின்றன, 2022 ஜூலையின் வெப்பத்தில் வழிகாட்டிகளின் அமைப்புகள் அவ்வழியில் அழைத்துச் செல்வதையே நிறுத்திவைத்தன. எளிய வழியைத் தேர்ந்தெடுத்தவரும் இடுக்கின் கடிகாரத்தை அறிந்திருக்க வேண்டிய இடம் அது.

## ஒரே மலையில் மூன்று வழிகள்

ஆஸ்திரியாவின் உயர்ந்த சிகரமான கிராஸ்குளோக்னர், 3,798 மீட்டர், இந்த ஒப்பீட்டுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. அதன் வடகிழக்குப் பக்கத்தில் பல்லவிச்சினி இடுக்கு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்துக்கு, 55 பாகைவரை செங்குத்தாக ஏறி, பெரிய குளோக்னருக்கும் சிறிய குளோக்னருக்கும் இடையிலுள்ள கணவாயில் முடிகிறது. தென்மேற்கில் ஷ்டூட்ல் முகடு பாறையாக ஏறுகிறது. மூன்றாவதாகப் பனியாற்றைக் கடந்து 3,454 மீட்டரில் உள்ள மலைக்குடிலை ஒட்டிச் செல்லும் வழக்கமான வழி.

அந்த இடுக்கை 1876 ஆகஸ்டில் முதன்முதலாக ஏறியவர் ஆல்ஃபிரட் பல்லவிச்சினி. அவரோடு சென்ற வழிகாட்டிகளில் ஹான்ஸ் ட்ரிபுசர் கோடரியால் சுமார் 2,500 படிகளை வெட்டிக்கொண்டே ஏறினார் என்று பதிவாகியிருக்கிறது. முன்பற்கள் உள்ள கிராம்பான் இல்லாத காலம் அது. ஆகஸ்டில் ஏறப்பட்ட அதே இடுக்கு இன்று கோடையில் பெரும்பாலும் பனி குறைந்து கல் விழும் பள்ளமாகிவிடுவதால், ஏறுபவர்கள் வசந்த காலத்தையே நாடுகிறார்கள். பழைய நூல்களில் குறிக்கப்பட்ட பருவத்தை நம்பித் தேதி குறிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல்லவிச்சினியின் உயிரைப் பறித்தது அந்த இடுக்கு அன்று. 1886-இல் பக்கத்திலுள்ள குளோக்னர்வாண்ட் முகட்டில் பனித் தாழ்வாரம் உடைந்து அவர் இறந்தார்.

ஆக இந்த மலையில் முடிவு பருவத்தைப் பார்த்தே அமையும். வசந்தத்தில் இறுகிய பனியும் வலுவான கால்களும் இருந்தால் இடுக்கு. கோடையின் நடுவில் பாறை உலர்ந்திருந்தால் முகடு. முதல்முறை வருபவர்களுக்கு எப்பருவத்திலும் வழக்கமான வழி. இடுக்கில் ஏறினாலும் முகட்டில் ஏறினாலும் இறங்குவது வழக்கமான வழியில்தான் என்பதால், அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டுக்கும் போவதில் பொருளில்லை.

## இறக்கம்

மான்ட் பிளாங்க் தொகுதியின் எகுயீ வெர்ட் சிகரம், 4,122 மீட்டர், கிராஸ்குளோக்னருக்கு நேர்மாறு. எளிய வழி என்று ஒன்று அதற்குக் கிடையாது. 1865 ஜூன் 29 அன்று எட்வர்ட் விம்பர், கிறிஸ்டியன் ஆல்மர், ஃபிரான்ஸ் பீனர் ஆகியோர் இன்று விம்பர் இடுக்கு எனப்படும் வழியில் முதன்முதலாக ஏறினர். ஒரு வாரத்துக்குள் மற்றொரு குழு முவான் முகட்டின் வழியாக ஏறியது. விம்பர் இடுக்கு காலை வெயிலை நேராக வாங்குவது. ஆகவே அதில் ஏறி அதிலேயே இறங்க நினைப்பவர், இரவிலேயே ஏறி, உச்சியில் அதிகம் நிற்காமல், வெயில் வேலையைத் தொடங்குவதற்குள் கீழே வந்தாக வேண்டும். தாமதமானால் முகட்டின் வழியாக இறங்கலாம். ஆனால் முகட்டில் இறங்கத் தெரிந்திருக்கவேண்டும். பாறையில் பழக்கமில்லை என்பதற்காகவே இடுக்கைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த மாற்று வழி பெயரளவில்தான் இருக்கும்.

எவரெஸ்ட் வரலாற்றில் இறக்கத்தின் இரண்டு எல்லைகளும் உண்டு. 1963 மே 22 அன்று டாம் ஹார்ன்பெய்னும் வில்லி அன்சோல்டும் மேற்கு முகட்டிலிருந்து, இன்று ஹார்ன்பெய்ன் பெயரால் வழங்கும் இடுக்கின் வழியாக உச்சியை அடைந்தனர். வந்த வழியில் திரும்புவது இயலாது என்று அறிந்தே ஏறி, மறுபக்கம் தெற்குக் கணவாய் வழியாக இறங்கினர். இருட்டிவிட்டதால் திறந்த வெளியிலேயே இரவைக் கழிக்க நேர்ந்து, அன்சோல்ட் கால்விரல்களில் ஒன்பதை உறைபனிக்கு இழந்தார். 1986-இல் எர்ஹார்ட் லொரெத்தானும் ஜான் த்ருவாயேயும் வடமுகத்தின் இடுக்குகளில் பெரும்பாலும் இரவில் ஏறி, பனி நல்ல நிலையில் இருந்ததால் சில மணி நேரத்தில் சறுக்கியே இறங்கினர். முன்னவர்களின் வழி துணிவையும், பின்னவர்களின் வழி அசாத்தியமான வேகத்தையும் வேண்டியது. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டும் பொருந்தாது.

இடுக்கிலேயே இறங்கவேண்டிய நிலை வந்தால் சரிவை நோக்கித் திரும்பி, முகம் பனியைப் பார்க்க, ஏறியதுபோலவே ஒவ்வொரு காலாக உதைத்து இறங்கவேண்டும். அது ஏற்றத்தைவிட விரைவாக முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். கெண்டைக்கால் தசைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்; கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது; களைப்பில் உதை தளரும். கயிற்றில் இறங்குவதென்றால் ஒவ்வொரு நிலைக்கும் பிடிமானம் அமைத்து விட்டுவர வேண்டும், அதற்கான கம்பிகளையும் நாடாக் கயிற்றையும் சுமந்திருக்க வேண்டும்.

## உயரம் கூடும்போது

சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். கீழே மணிக்கு இருநூறு மீட்டர் ஏறியவர் 6,000 மீட்டருக்கு மேல் நூறு ஏறினால் நன்றாக ஏறுகிறார் என்றே கொள்ளவேண்டும். இடுக்கின் கடிகாரமோ உங்கள் மூச்சுக்காகக் காத்திருக்காது. கீழே மூன்று மணி நேரத்தில் முடியும் 600 மீட்டர் அங்கே ஆறு மணி நேரம் ஆகும்போது, அதே சரிவு, அதே பனி, ஆனால் வேறு ஆபத்து. முகட்டில் மெதுவாகப் போனால் இருட்டு வரும். பனியாற்றில் மெதுவாகப் போனால் பாலங்கள் இளகும். இடுக்கில் மெதுவாகப் போனால் கற்கள் வரும். ஆகவே முதல் உயர்மலைக்கு இடுக்கைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தாழ்ந்த மலைகளில் இரண்டு மூன்று இடுக்குகளை ஏறி, தன் வேகத்தைக் கடிகாரத்தில் அளந்து, அதில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அட்டவணை போட்டுப் பார்த்தபின், வெயில் மேல் பாறையைத் தொடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே வெளியேற முடியும் என்றால் மட்டும் போகலாம்.

முகாம் போடும் இடத்தையும் இதோடு சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். இடுக்கின் வாய்க்கு அருகே தூங்கினால் அதிகாலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்ற ஆசையில், கல்லும் பனியும் வந்து சேரும் விசிறிக்குள்ளேயே கூடாரம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பனியின்மேல் சிதறிக் கிடக்கும் கற்களைப் பாருங்கள். கடைசிக் கல் கிடக்கும் இடத்துக்கு வெகு தூரம் வெளியே கூடாரம் இருக்கட்டும்.

## முந்தைய மாலையும் அதிகாலையும்

முடிவை ஒரே தடவையில் எடுக்க வேண்டியதில்லை. மாலையில், வெயில் சாயும்போது இடுக்கை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை முறை கல் விழுகிறது, எந்தப் பக்கம் விழுகிறது, தாழ்வாரம் எங்கே இடைவெளி விடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி எது என்பதை அப்போதே குழுவில் பேசி முடித்துவிடுங்கள். அதிகாலையின் குளிரில், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்போடு பேசும் பேச்சு நேர்மையாக இராது. நள்ளிரவு கடந்து கூடாரத்தைத் திறக்கும்போது விண்மீன்கள் தெரியவில்லை என்றால் இடுக்கை அங்கேயே விட்டுவிட்டு முகட்டுக்கோ பனியாற்றுக்கோ உரிய கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மறுபடியும் படுத்துவிடுங்கள். விண்மீன்கள் தெரிந்தால் பிளவின் ஓரம்வரை போய் அந்த ஓர் உதையை உதைத்துப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், இடுக்கின் நடு உயரத்தை எத்தனை மணிக்குள் எட்டாவிட்டால் திரும்புவது என்ற நேரத்தை எல்லாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, அதன்பின் ஏறத் தொடங்குங்கள்.